திரை விழிக்காத மதியம்

மூடியைத் திறந்தால் முதலில் விசிறி சுற்றும், அடுத்து விளக்கு எரியும், அதற்கப்புறம் திரை வரும். நூற்றுப் பதினேழு நாளாக இந்த வரிசை மாறியதில்லை. இன்றைக்கு விசிறி சுற்றியது, விளக்கும் எரிந்தது, திரை வரவில்லை. சம்பூர்ணம் மூடியைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கையை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பட்டது, எடுக்காவிட்டால் மட்டும் என்ன வாழப்போகிறது என்றும் பட்டது. மணி இரண்டு. மாதாந்திர மின்தடை நாள். காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் ஐந்துக்குத்தான் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தான். சிங்காநல்லூர் முழுக்க மோட்டார் பட்டறைகள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. மற்ற நாளில் லேத்துச் சத்தத்தில் காதில் விழவே விழாத மடிக்கணினியின் மூச்சு இன்றைக்கு அறை முழுக்கக் கேட்டது. மூச்சு இருக்கிறது, முகம் இல்லை. ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அவள் புருசன் சென்னியப்பன் கண்ணை மூடி, இடது கையை வலது கையின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்தபடி காத்திருந்தார். இரண்டு மணிக்கு அந்த மடிக்கணினியிலிருந்து ஒரு குரல் வரும். அவருடைய குரல்தான். அதைக் கேட்கத்தான் அவர் காத்திருந்தார். “சித்தெ பொறுங்க” என்றாள். சொன்னது தானா வேறு யாராவதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வேர்வை கழுத்திலிருந்து இறங்கி முதுகில் ஒரே கோடாகப் போனது, அது எங்கே போய் நிற்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தாள். கவனிக்க வேண்டியதை விட்டுவிட்டு இதையெல்லாம் கவனிப்பது அவள் புத்திக்குப் பழக்கம்தான்.

“அணைச்சிடாதீங்கக்கா” என்று நிஜாமுதீன், சென்னியப்பன் படுக்கையில் விழுந்த அன்றைக்கே சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தோறும், கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைத்தான் போட வேண்டும் என்கிற லினக்ஸ்காரர்கள் பத்துப் பேர் கூடி டீயும் பன்னுமாக வெட்டி முறிப்பார்களே, அந்தக் கூட்டத்தில் சென்னியப்பனுக்கு நெருக்கமானவன். பம்ப் கம்பெனியில் வேலை. “தூங்க வைக்கலாம், எழுப்பலாம், திருப்பித் தூங்க வைக்கலாம். அணைக்க மட்டும் கூடாது. அணைச்சா, உள்ள எல்லாத்தையும் வெச்சிருக்கற வட்டு பூட்டிக்கும். மறுபடி போடறப்ப அண்ணன் வெச்ச சொல்லைக் கேக்கும். அது அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும்.” திரை கேட்கும் சொல் அவளுக்குத் தெரியும், பேத்தி மிருதுளாவின் பெயர். அது வாசல் பூட்டு. வட்டின் பூட்டு பெட்டகத்துப் பூட்டு. ஐந்து தமிழ்ச் சொற்களாம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததாம், “தலையை வெட்டினாலும் சொல்ல மாட்டேன்” என்று பீற்றிக்கொள்வார். தலையை யாரும் வெட்டவில்லை. உள்ளே ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். வலது கை விழுந்தது, வலது கால் பாதி விழுந்தது, பேச்சு முழுதாகப் போனது. சொல்வதெல்லாம் புரிகிறது. வாயைத் திறந்தால் “தத்த” என்று வருகிறது. காப்பிக்கும் தத்த, வலிக்கும் தத்த, மகள் நளினா பெங்களூரிலிருந்து போனில் அழுதபோதும் தத்த. ஒருநாள் நிஜாமுதீன் எழுத்துப் பலகையை அவர் மடியில் வைத்து அந்த ஐந்து சொல்லைக் காட்டச் சொன்னான். இடது கை விரல் ஒரு எழுத்தின் மேல் போய் நின்றது, அங்கிருந்து நகரத் தெரியாமல் நின்றது, பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்புறம் யாரும் கேட்கவில்லை. உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று நளினா கேட்டாள். குரல் இருக்கிறது. கணினிக்குத் தமிழ் காதால் புரிய வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கான வாக்கியங்களை மனுசர்கள் வாயால் படித்துக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருசமாக மதியம் இரண்டு மணிக்கு மைக்கை முன்னால் வைத்து உட்கார்ந்துவிடுவார். மாவட்ட ஆட்சியர் நேற்று ஏரியைப் பார்வையிட்டார். எனக்கு இரண்டு முழம் மல்லிகை வேண்டும். அடுத்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும். இப்படி ஒவ்வொன்றாகப் படிப்பார். எல்லாம் முடிந்து, சுத்தம் செய்து, மொத்தமாகத்தான் அனுப்புவேன் என்று ஒன்றையும் அனுப்பவில்லை. ஊரே வாட்ஸப்பில் கிடக்க, கொள்கை என்று சொல்லி அந்தப் பக்கமே போகாத மனுசன். கல்யாண வீடியோவில் நாகசுரத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. அந்தக் குரல் இந்த உலகத்தில் இந்த ஒரு பெட்டியைத் தவிர வேறு எங்கேயும் இல்லை.

இன்றைக்கு மட்டும் என்ன மாற்றிச் செய்தோம் என்று யோசித்தாள். மூடியை வேகமாகத் திறந்தோமா. இல்லை. ஈரக்கையா. துடைத்துவிட்டுத்தான் வந்தாள். நேற்று சாயங்காலம் மூடும்போது ஏதாவது. நேற்று மூடும்போது வாசலில் கேஸ்காரன் கூப்பிட்டான், பாட்டை நடுவில் நிறுத்துவது போல ஒரு வாக்கியத்தின் நடுவில் மூடினாள், மல்லிகை வேண்டும் என்பதில் வேண்டும் வரவில்லை. அதுதானா. அதற்கெல்லாமா கோபித்துக்கொள்ளும் ஒரு இயந்திரம். வாங்கின மறுநாளே உள்ளே இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸை ஏற்றினார், பால் காய்ச்சும் முன்னே புது வீட்டுச் சுவரை இடித்த கதையாக. அன்றிலிருந்தே இதற்குத் தூக்க வியாதி. தூங்கு என்றால் சமர்த்தாகத் தூங்கும், எழுந்திரு என்றால், அவர் கையில் இருந்தபோது, பத்தில் ஒரு தரம் இப்படிக் கறுப்பாக முழிக்கும். அவர் சளைக்கவில்லை. மூடித் திறப்பார், மூடித் திறப்பார், முப்பது தரம், பக்கத்தில் நோட்டு வைத்து எத்தனையாவது தரம் எழவில்லை என்று குறிப்பார். “தொட்டில்ல போட்டுப் போட்டு எடுத்தா எந்தக் கொழந்தைதானுங்க தூங்கும்” என்று இவள் கேட்டால், “அது தூங்கறதுல தப்பில்லடி, எழுந்து வர்ற வழியில எங்கியோ ஒரு கதவு திறக்க மாட்டேங்குது, எந்தக் கதவுன்னுதான் தேடறேன்” என்பார். எழுந்து வரும் வழி. அப்படி ஒரு வழி இருப்பதாக அவள் நினைத்ததே இல்லை. தூக்கம் என்றால் ஒரு பக்கம், விழிப்பு என்றால் ஒரு பக்கம், நடுவில் ஒன்றுமில்லை என்றுதான் இத்தனை வருசமும் எழுந்தாள், வாசல் தெளித்தாள், பால் வைத்தாள். அவர் விழுந்த அன்று காலையிலும் அப்படித்தான் எழுப்பினாள். “ஏனுங்க, மணி ஆறரை” என்றாள். அசையவில்லை. வாய் ஒரு பக்கமாக இருந்தது, தலையணையில் அழுந்திக் கிடப்பதால் என்று நினைத்தாள். இந்த வயசில் என்ன சோம்பல் என்று ஒரு வார்த்தை திட்டக்கூடச் செய்தாள். திட்டிவிட்டுப் போய்ச் சட்னி அரைத்தாள். தேங்காய் கொஞ்சம் முற்றல், அதனால் இன்னொரு சுற்று விட்டாள். இருபது நிமிசம். டாக்டர் எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டபோது உடனே கொண்டாந்துட்டோம் என்று சொன்னாள். நளினாவிடமும் அதைத்தான் சொன்னாள். இருபது நிமிசம் என்பது அவளுக்கும் அந்த மிக்ஸிக்கும் மட்டும் தெரியும். அந்த இருபது நிமிசமும் அவர் உள்ளே கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்திருப்பார், இவள் தேங்காயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். நினைப்பு அங்கே வந்து இடிக்கும், இடித்துவிட்டுத் திரும்பிப் போகும், எந்தப் பக்கம் போனாலும் சுற்றி வந்து அதே சட்னியில் நிற்கும். கண்ணைச் செருகிக்கொண்டு வந்தது. சத்தமில்லாத தெருவும் வெயிலும் அந்தச் சின்ன விசிறியின் ஒரே சீரான மூச்சும் சேர்ந்து யாரோ நெற்றியைத் தடவிக் கொடுப்பது போல இருந்தது. கறுப்புத் திரை ஒரு குளமாகி, குளத்துக்கு அடியில் ஒரு வீடு, வீட்டுக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நடக்கிறார், ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்க்கிறார், வாய் அசைகிறது, மாவட்ட ஆட்சியர், மாவட்ட ஆட்சியர். மேலே இவள் குனிந்து நிற்கிறாள், கையை விட்டால் எட்டிவிடும், ஆனால் கையில் சட்னிப் பாத்திரம் இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டே நிற்கிறாள். போன் அடித்தது.

இவள் ஒற்றைக் கையால் மூன்று தரம் கூப்பிட்டும் எடுக்காத நிஜாமுதீன்தான். “மெஷின் பக்கம் இருந்தேங்க்கா, காதுல விழல. என்னாச்சு?” சொன்னாள். அந்தப் பக்கமிருந்து உடனே கேள்வி வந்தது. “சார்ஜர்ல போட்டுத்தான தூங்க வெச்சிருந்தீங்க?” காலையில் கரண்ட் போகும் முன்பே வயரைக் கழற்றி வைத்திருந்தாள், திரும்ப வரும்போது ஏதாவது அதிகமாக வந்து தொலைக்கும் என்று பயந்து. “அதாங்க்கா. இத்தன நாளா வயர்ல இருந்தே தூங்கிச்சு. இன்னிக்குப் பேட்டரியில தூங்கியிருக்கு. எழுந்து வர்ற வழி மாறிப்போச்சு. பதறாதீங்க. பெரிய எழுத்துக்கு ஒரு பொத்தான் இருக்குமே, அத அமுக்குங்க. பக்கத்துல குட்டி வெளக்கு எரியுதா?” எரிந்தது. மறுபடி அமுக்கினாள், அணைந்தது. “அல்லா, உசுரோடதான் இருக்கு” என்றான் நிஜாமுதீன். “வைஃபை இருந்தா நான் இங்க இருந்தே உள்ள போயிருவேன். கரண்ட் இல்லியே. வெளிச்சம் கூட்டற பொத்தான அமுக்கிப் பாருங்க. ஒண்ணுமில்லயா. சரி, போன்ல டார்ச் போட்டுத் திரைக்குக் கிட்ட சாய்ச்சுப் பிடிங்க. சன்னலச் சாத்திருங்க.” ஜன்னலைச் சாத்தினாள். அறை மங்கியது. மிருதுளா என்று இருட்டில் தட்டினாள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது முதலில் தன் மூக்குதான் தெரிந்தது, தூசி தெரிந்தது, தான் துடைத்த துணியின் வட்டங்கள் தெரிந்தன. இன்னும் சாய்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே, ரொம்ப உள்ளே, புகையில் எழுதினாற்போல எழுத்துகள் இருந்தன. திரையில் அவர் திறந்து விட்டுப் போன சன்னல்கள் எல்லாம் விட்டது விட்டபடி. மல்லிகை வாக்கியம் நின்ற இடத்திலேயே நின்றது. “இருக்குது நிஜாமு” என்றாள். “எல்லாம் இருக்குது. வெளிச்சந்தான் இல்ல.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, அழுதாள், யார் என்ன நினைத்தால் என்ன.

மூலையில் பேட்டரி எவ்வளவு என்று நிஜாமுதீன் கேட்டான். டார்ச்சை நகர்த்திப் பார்த்தாள். பதினான்கு சதவீதம். “பழைய பேட்டரிக்கா, அரை மணி தாங்கினாப் பெரிசு. மூடித் திறந்தா ஒருவேளை வெளிச்சம் வரும், ஒருவேளை சுத்தமா உறைஞ்சிரும், பாதிக்குப் பாதி. அந்த ஆட்டம் வேண்டாம். நான் குடுத்தனே பென் டிரைவ், அது எங்க?” அது எங்கே என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். உறை பிரிக்காமல் பீரோவில், அவருடைய வேட்டிகளுக்கு அடியில். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான், நான்கு தரமும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். போனை அருகில் வைத்தாவது குரலைப் பிடித்துக்கொள் என்று நளினா சண்டை போட்டாள், அதற்கும் மாட்டேன் என்றாள். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. அவள் பிறந்த ஊரில் படுக்கையில் கிடக்கிறவரின் போட்டோவைப் பெரிசு பண்ண மாட்டார்கள். அவளுடைய பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மகன்காரன் பத்திரமாக இருக்கட்டும் என்று ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணிச் சட்டம் போட்டு வாங்கி வந்தான், மூன்றாம் நாள் அதற்கு மாலை போட வேண்டியதாகிவிட்டது. குரலைப் பிடித்து வைப்பதும் அதுதானே. பிடித்து வைத்துவிட்டால் இனி இந்த வாயிலிருந்து வராது என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடாதா. ஆறு மாசம் பொறுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதில் இன்னும் இரண்டு மாசம் பாக்கி இருக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும், தெரிந்து என்ன செய்ய, பயம் தெரிந்ததைக் கேட்டுக்கொண்டா வருகிறது. “அக்கா, பேட்டரி பன்னண்டுக்கு வந்திருக்கும்” என்றான் நிஜாமுதீன். எழுந்தாள். பீரோவைத் திறந்தாள். வேட்டிகளில் அவர் வாசனை இருந்தது, ஒரு நிமிசம் அங்கேயே நின்றுவிடலாம் போல இருந்தது. திரும்பி வந்தபோது சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். சுவரைப் பிடித்து, வலது காலைக் கூடவே இழுத்துக்கொண்டு, மேசை வரைக்கும் வந்துவிட்டார். அவள் ஓடிப்போய் முக்காலியைப் போட்டாள். உட்கார்ந்து, அவள் கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அந்நிய பென் டிரைவ் தன் பெட்டியில் படக் கூடாது என்று குதிக்கிற ஆள். இப்போது இடது கையை நீட்டி, மேசையில் கிடந்த போனை எடுத்து, டார்ச்சைத் தானே திரைக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரியும் எந்தக் கோணத்தில் தெரியும் என்று. “தத்த” என்றார். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. மாலை போடவென்று மாட்டும் படத்துக்கு அந்த மனுசனே ஆணியைப் பிடித்துக் கொடுப்பாரா என்ன.

செருகினாள். புகை எழுத்தில் ஒரு சன்னல் திறந்தது. பதிவுகள் என்ற கோப்புறையின் மேல் நின்று பிரதி எடுத்தாள், பென் டிரைவில் கொண்டுபோய் ஒட்டினாள், பள்ளிக்கூட ஆபீசில் பன்னிரண்டு வருசம் தட்டிய கை, இருட்டிலும் தடுமாறவில்லை. மெல்லிய கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது. நகர்ந்ததா, அவள் கண் நகர்த்தியதா. பக்கத்தில் அவர் மூச்சு, எதிரில் அதன் மூச்சு, போனுக்குள் நிஜாமுதீனின் மூச்சு. ஒன்பது. ஏழு. டார்ச்சின் வெளிச்ச வட்டத்துக்குள் அவர் கையும் அவள் கையும் மட்டும் இருந்தன, மற்றதெல்லாம் கரைந்துபோய், வீடு, தெரு, மின்தடை, டாக்டர் சொன்ன ஆறு மாசம், எல்லாம் யாரோ எங்கோ படித்துக்கொண்டிருக்கும் வாக்கியங்களாகத் தூரத்தில் போயின. நான்கு என்று பார்த்த ஞாபகம். கோடு மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை. அப்புறம் விசிறி நின்றது. இவ்வளவு நேரமும் அது ஓடிய சத்தம் நின்ற பிறகுதான் முழுதாகக் கேட்டது. “நின்னுருச்சு” என்றாள். “வந்த வரைக்கும் இருக்கும்க்கா. கரண்ட் வந்ததும் டிவியில செருகிப் பாருங்க” என்றான் நிஜாமுதீன். சென்னியப்பன் டார்ச்சை அணைக்கவில்லை. வெறும் கண்ணாடிக்கே கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டு இருந்தார்.

ஐந்துக்கு முன்னேயே கரண்ட் வந்துவிட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பின. டிவியில் செருகினாள். பதிவுகளுக்குள் இருந்ததில் ஒரே ஒரு உறைதான் வந்திருந்தது, அதன் பெயர் ஆகாதவை. இப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவர் படித்ததை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார் போல, இவர்கள் தினமும் கேட்டது இன்னொன்று, சரியானவை. பெயர் வரிசைப்படி ஏறியிருக்கிறது. ஆகாதது முந்திக்கொண்டது, சரியானதற்கு முறை வருவதற்குள் பேட்டரி போய்விட்டது. பிசிறில்லாமல் அவர் படித்த அத்தனையும் ஐந்து சொல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. சம்பூர்ணம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு ஞாயிற்றுக்கிழமை. நாலு காப்பி. தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ரிமோட்டை அமுக்கினாள். “மாவட்ட ஆட்சியர் நேற்று” என்றது அவர் குரல், குக்கர் விசிலடித்தது, “போச்சு போ” என்றது அதே குரல், வேறு மாதிரி, வீட்டுக் குரலாக. அடுத்தது. “எனக்கு இரண்டு முழம் மல்லிகை” என்று அவர் தொடங்க, “யாருக்குங்க மல்லிகை, எனக்கா?” என்று ஒரு பெண் குரல், அவளுடையதுதான், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு “சம்பூர்ணம், பதிவு ஓடுது, அக்கட்ட போடி” என்கிறார். அடுத்தது. அடுத்தது. தும்மல், காய்கறி வண்டி, அவள், அவள், மறுபடி அவள். இரண்டு வருசம் அவள் குறுக்கே வந்து கெடுத்த வாக்கியங்களெல்லாம் ஒன்று விடாமல் இருந்தன. இத்தனை நாள் அவள் தேடிக் கேட்டதெல்லாம் அவர் மைக்குக்குப் பேசியது. இதில் அவர் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியாமல் அடுத்ததை அமுக்கினாள். “அடுத்த வண்டி எத்தனை மணிக்கு” என்றார் அவர். தூரத்து அடுப்படியிலிருந்து அவள் குரல் “ஏனுங்க” என்று கூப்பிட்டது. “ம்” என்றது டிவி. அதே நேரத்தில், அதே இழுப்பில், அவள் முதுகுக்குப் பின்னால் முக்காலியிலிருந்தும் ஒரு “ம்” வந்தது. சம்பூர்ணம் திரும்பவில்லை. திரும்பினால் கலைந்துவிடும். ரிமோட்டால் டிவியை நிறுத்தினாள். பட்டறைச் சத்தம் மட்டும் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, எப்போதும் கூப்பிடுகிற மாதிரி “ஏனுங்க” என்றாள்.

“ம்” என்றார் சென்னியப்பன், கொஞ்சம் எரிச்சலாக.